ஆடி வெள்ளி உப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

இன்று தெருப் பம்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்: பல்கலைக்கழகத்திலிருந்து நர்மதா மேடம், அவர்களுடைய மாணவி ஸ்நேகா, நம் தெருவில் சின்னப்பொண்ணு அக்கா, மூன்றாம் வீட்டு சுமலதா, ஹெலன், அம்மன் கோயில் பூசாரி சுப்பிரமணி அண்ணன், நான். ஏழு பேர். இருபத்திரண்டு வீட்டுக்கும் சொல்லி அனுப்பி வந்தது இவ்வளவுதான்.

இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வதற்கு அங்கே ஒரு படிப்பு இருக்கிறதாம். அந்தப் பிள்ளைகள் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, சமையல் குப்பை தெருவை விட்டு வெளியே போகாமல் செய்து காட்ட வேண்டும். அந்தத் தெரு நம்முடையது. சிமெண்ட் தொட்டி கட்டி மண்புழு விட்டாயிற்று.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஹெலன். மாதச் சம்பளம் பல்கலைக்கழகம் கொடுக்கும். சிப்காட் கம்பெனியில் லைன் வேலை போய் மூன்று மாதமாக வீட்டில் இருந்த பெண், மேடம் அவள் பேரைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எடை நோட்டு எனக்கு. "சந்திரகலா ஊட்டு உப்பு புளிக்குக்கூட நோட்டு வச்சிக்கினு இருக்குது, அதுக்கிட்டயே குடுங்க" என்றார் சின்னப்பொண்ணு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமைதான்.

ஜூலை 12

இந்த வாரம் 61 கிலோ 400. எலுமிச்சைத் தோல் போடக் கூடாது என்று ஹெலன் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூலை 18, முதல் ஆடி வெள்ளி

கோயில் பூவையும் வேப்பிலையையும் வருஷா வருஷம் கால்வாய் ஓரம் கொட்டுகிறார்கள். அம்மன் கழுத்தில் கிடந்த மாலை மேல் லாரி ஏறிப் போகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை. தொட்டியில் போட்டால் மண்ணாகுமே என்று சுப்பிரமணி அண்ணனைக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கினு போ. கால்ல மிதிபடாம இருந்தா சரி" என்றார். இரண்டு கூடை. 14 கிலோ 200. நானே சுமந்துபோய்க் கொட்டினேன். தாயே, உன் பூ வீணாகவில்லை.

ஜூலை 25, இரண்டாம் வெள்ளி

கோயில் பூ 19 கிலோ. இன்றும் நானே கொட்டினேன்.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஹெலன் கதவைத் தட்டினாள். "யக்கா, சீக்கிரம் வா. புழுவெல்லாம் செவுத்து மேல ஏறிக்கினு வருது."

போய்ப் பார்த்தேன். நூறு நூறாகத் தொட்டி விளிம்பில். ஈரச் சாக்கு போட்டுப் பார்த்தோம். மதியத்துக்குள் சுருண்டுவிட்டன. நாற்றம் தாங்கவில்லை. எறும்பை மிதித்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்பவள் நான். இத்தனை உயிர்.

ஜூலை 31, வியாழன்

நர்மதா மேடம் ஒரு கருவியைத் தொட்டிக்குள் குத்திப் பார்த்தார்கள். உப்பு ரொம்ப அதிகம் என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று பம்படியில் எங்களைக் கூட்டிக் கேட்டார்கள்.

சின்னப்பொண்ணு அக்காதான் ஹெலனைக் காட்டிச் சொன்னார்: "அவங்க ஊட்ல கருவாடு இல்லாம சோறு எறங்காது. கழுவுன தண்ணிய எங்க ஊத்துனாளோ, யாரு கண்டா?"

"ரெண்டு மாசமா கருவாடே வாங்கலக்கா. வாங்க டப்பு எங்க இருக்குது?" என்றாள் ஹெலன். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் வர வேண்டாம், பதினொன்றாம் தேதி வேறு ஆள் வருவார் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஹெலன்தான் என்று நானும் நம்பினேனா? நம்பினேன். பாதி.

ஆகஸ்ட் 1, மூன்றாம் வெள்ளி

கோயிலில் எனக்கு முன்னால் நின்ற பெண் உப்பு மிளகுப் பொட்டலத்தைப் பிரித்துப் பலிபீடத்தடியில் கொட்டினாள். அடுத்தவளும் கொட்டினாள். என் கையிலும் ஒரு பொட்டலம், முழங்கால் வலிக்காக. சுப்பிரமணி அண்ணன் துடைப்பத்தால் பூ, வேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளி என் கூடையில் அள்ளிப் போட்டார்.

தொட்டிக்குப் போகாமல் கூடையோடு நேரே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கூடையைத் தாம்பாளத்தில் கவிழ்த்துச் சலித்தேன். அடியில் கல்லுப்பு. கரைந்தது போக 1 கிலோ 350.

இரண்டு வெள்ளியும் தெரியாமல் — எப்படித் தெரியாமல் போகும்? முப்பது வருஷமாக நானே போடுகிற உப்பு! அது வேண்டுதல். அதை உப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 2

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பு. "அம்மன் உப்புதான் புழுவ கொன்னுச்சின்னு தெருவுல சொல்லப் போறியா? ஆடி மாசத்துல? பேஜாரா பூடும்டி. கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விளக்கேற்றினேன். பாட்டு வாயில் வரவில்லை. ஹெலன் சர்ச்சுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 4

சுப்பிரமணி அண்ணனிடம் போனேன். முதலில் கத்தினார். "இன்னாம்மா, சாமி காணிக்கைய விஷம்ன்றியா?" பிறகு நான் சலித்து வைத்த உப்பைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"உப்பு கரையற மாரி கஷ்டம் கரையணும்னு அவளாண்ட போடறாங்க. அத கொண்டுபோயி புழு தலையில கொட்டுனது நீதானே? அம்மன் இல்லியே?"

"நான்தாண்ணா."

"அப்ப உன் பேர்ல சொல்லு. வர்ற வெள்ளி உப்புக்குத் தனியா அண்டா வச்சிடறேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஹெலன் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

"அன்னிக்கி பம்பாண்ட நீயும்தான நின்னுக்கினு இருந்த. சின்னப்பொண்ணு அக்கா பேசுனப்போ வாயத் தொறந்தியா?"

உப்பு என்னுடையது என்று அன்றைக்குத் தெரியாது என்றேன்.

"உப்பு தெரியாது. என்னத் தெரியுமில்ல?"

காபி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "மேடத்தாண்ட எழுத்துல குடு. பம்பாண்ட படிச்சிட்டு குடு."

ஆகஸ்ட் 6, புதன்

காலை பம்பில் தண்ணீர் வரும் நேரத்தில் கடிதத்தைப் படித்தேன். சின்னப்பொண்ணு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பாதியில் போய்விட்டார். சுமலதா கடைசி வரை நின்றாள். ஹெலன் கடிதத்தை வாங்கி ஒருமுறை தானே படித்தாள். 'தெரியாமல்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஒன்றை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பத்தரை மணி பஸ்ஸில் போய் நானே மேடத்தின் கையில் கொடுத்தேன். நகல்:

நர்மதா மேடம் அவர்களுக்கு வணக்கம். தொட்டியில் உப்பு சேர்ந்தது ஹெலனால் அல்ல. ஜூலை 18, 25 இரண்டு வெள்ளியும் கோயில் பூவோடு காணிக்கை உப்பையும் தெரியாமல் கொட்டியவள் நான். எடை நோட்டை இத்துடன் கொடுத்திருக்கிறேன். இனி அதையும் ஹெலனே எழுதட்டும். தொட்டியைக் கழுவி, புது மண் போடும் வேலையை நான் செய்கிறேன். அவளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா? பதினொன்றாம் தேதி புது ஆள் வருவதற்குள் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

— மு. சந்திரகலா