இதயத்தின் இடது மேலறை

என் பாசத்துக்குரிய வசந்தா அக்காவுக்கு,

நேற்று மலரோடு தஞ்சாவூர் போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தேன். உன் மகளைப் பற்றிய சேதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இன்று காலையில் எழுந்திருக்கவே மனசில்லை. உடம்பில் வலி ஏதும் இல்லை. பயத்தைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் அலுப்புதான். "படுத்திருங்க, மோட்டார் ரிப்பேருக்கு வர்றவங்கள நாளைக்கு வரச் சொல்லிடறேன்" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி வனிதா. படுத்தாலும் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொள்ளக்கூட உனக்கு நேரம் கிடைக்கவில்லை, அக்கா. வலங்கைமானைச் சுற்றி எந்த ஊரில் கதிர் பழுத்தாலும் அறுவடை மெஷினுக்கு உனக்குத்தான் போன் வரும். எந்த மெஷின் எங்கே நிற்கிறது, யார் வயலில் ஈரம் காயவில்லை என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். அந்தத் தையில் வரப்பில் நடந்தால் உனக்கு மூச்சு வாங்கியது. நெல் தூசி என்று நினைத்தோம். பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலே மூச்சு அடைத்தது, எழுந்து உட்கார்ந்தால் சரியானது. உள்ளூர் டாக்டர் உன்னைப் படுக்கவைத்தும் உட்காரவைத்தும் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். "சத்தம் மாறி மாறி வருதும்மா. இது தூசியால வர்றது இல்ல. எக்கோ பாத்துடுங்க" என்றார்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா எக்கோ எடுத்து முடித்தார். உன்மேல் துணியைப் போர்த்திவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டு, திரையை நம் பக்கம் திருப்பினார். இதயத்தின் இடது மேலறையில் ஓர் உருண்டை. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வுக்குள் இறங்கியது, மறுபடி மேலே ஏறியது.

"இது கட்டிம்மா. பாத்தா புற்றுநோய் மாதிரி தெரியல. ஒரு காம்புல தொங்குது. நீங்க படுக்கறப்ப போய் வால்வ அடைக்குது."

"எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சீக்கிரமா எடுக்கணும். துணுக்கு ஏதாவது உடைஞ்சு மூளைக்குப் போயிட்டா கஷ்டம்."

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எனக்குள்ள இருந்துக்கிட்டு என்னவிட வேகமா ஓடுது பாரு தம்பி" என்றாய். அந்த நேரத்தில் உன்னால் எப்படி அக்கா சிரிக்க முடிந்தது?

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில், கட்டிலில் உட்கார்ந்து ஒரு மெஷின் டிரைவருக்கு போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாய். பேச்சு குழறியது. போன் கையிலிருந்து நழுவியது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். எதற்குப் பயந்தார்களோ அது நடந்துவிட்டது. அதன் பிறகு நீ கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "உங்க உதட்டுலயும் அவங்களுக்கு இருந்த மாதிரியே கரும்புள்ளி இருக்கு. சில குடும்பத்துல இந்தப் புள்ளியும் கட்டியும் சேந்து வரும். நீங்களும் பாத்துடுங்க" என்றார். நம் அம்மாவுக்கும் அந்தப் புள்ளிகள் இருந்தன. அம்மா நாற்றங்காலில் விழுந்து இறந்தபோது மாரடைப்பு என்றார்கள், நாமும் நம்பினோம். உண்மையில் அது என்னவோ, இனி யார் சொல்லப்போகிறார்கள்?

உன் காரியம் முடிந்ததும் வனிதா என்னை அழைத்துப் போனாள். அதே அறை, அதே இடது மேலறை. ஓரத்தில் சின்னதாக ஒரு நிழல். அது கட்டியா, உறைந்த ரத்தமா என்று எக்கோவில் பிடிபடவில்லை. உறைந்த ரத்தம் என்றால் மாத்திரை போதும், கட்டி என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டும். தொண்டை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு எம்.ஆர்.ஐ. ஊசியில் ஒரு மருந்து ஏற்றினார்கள். ரத்த ஓட்டம் உள்ள கட்டி என்றால் மருந்து அதில் ஊறித் தெரியுமாம். உறைந்த ரத்தத்தில் ஊறாதாம். அந்தக் குழல் போன்ற மெஷினுக்குள் தடதடவென்று சத்தம். மூச்சை இழுங்க, விடுங்க, நிறுத்துங்க என்று ஒரு குரல். நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு தடவையும் உன் நினைப்புதான். மருந்து ஊறியது. கட்டிதான்.

எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டேன். முன்போல மோட்டாரைத் தூக்க முடியாது, உட்கார்ந்து கம்பி சுற்றிக் காயில் மட்டும் கட்டுகிறேன். கடைக்கு வருகிறவர்கள், "அக்கா உசுரக் குடுத்துத் தம்பியக் காப்பாத்திட்டா" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நீ எதையும் கொடுக்கவில்லை, அக்கா. உன்னிடமிருந்து அது பறிக்கப்பட்டது. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டுக் காயில் கட்டுகிறேன். அந்தத் தலையாட்டல்தான் ஆபரேஷனைவிட என்னைக் களைக்க வைக்கிறது.

இனி மலர் சேதி. அவளுக்கும் உதட்டில் புள்ளிகள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். எக்கோ என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அத்தான் கெஞ்சிப் பார்த்தார், வனிதா திட்டிப் பார்த்தாள்.

"அம்மா நடந்துதான் மாமா உள்ள போனாங்க. அந்த ஸ்கேன் எடுத்தப்புறம் வீட்டுக்கே வரல. நான் வர மாட்டேன்" என்றாள்.

அவளிடம் என்ன நியாயம் பேசுவது? எனக்கே வருஷா வருஷம் பார்க்க வேண்டும், மறுபடி முளைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாள் நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"ஒனக்காகக் கூப்பிடல மலரு. எனக்குத்தான் பயமா இருக்கு. தொணைக்கு வர்றியா?"

கையிலிருந்த நோட்டுக்கட்டை ஓரமாக வைத்தாள். பிறகு, "லீவு போடறேன் மாமா" என்றாள்.

என்னுடையது முதலில் முடிந்தது. சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், மலர் நர்ஸிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். கதவு வழியாக, மதகில் தண்ணீர் பாய்வதுபோல எக்கோ மெஷினில் அவள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, உள்ள வாங்க."

எடுத்த படத்தை டாக்டரம்மா திரையில் ஓடவிட்டிருந்தார். மலர் பக்கத்தில் நின்று, "அம்மாவுக்கு எந்த எடத்துல இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டாள். அவர் பேனா முனையால் காட்டினார். வால்வு மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மேலறையில் வேறு எதுவும் இல்லை.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா வருஷா வருஷம் வந்துடணும்."

"வர்றேன் டாக்டர்" என்றாள். குரல் உன்னுடையதைப் போலவே இருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அத்தானுக்கு போன் போட்டாள். "அப்பா, ஒண்ணும் இல்லப்பா" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதாள். போனை வாங்கிக் காதில் வைத்தேன். பிறகு அத்தான், "புள்ள சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்றேன். "வாங்கிக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அடுத்த வருஷமும் அவளோடு போவேன், அக்கா. அதற்கடுத்த வருஷமும் போவேன். களைப்பாக இருந்தாலும், பயமாக இருந்தாலும், அவள் உள்ளே போகும்போது நான் வெளியே அந்தப் பெஞ்சில் இருப்பேன்.

உனக்குப் பின் பிறந்த தம்பி,
மலரின் தாய்மாமன்,
சேகர்