விலை கேட்டுவிட்டுப் போனவள்

பூசான், தென்கொரியா
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ரேச்சல் எழுதுவது. பத்திரமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். போனைத் திறந்தால் நைனா முகம், பக்கத்து வீட்டு ஜானட் அக்கா முகம், நடுவில் உன் பாதி முகம். அத்தனை பேர் பார்க்கும்போது "நல்லா கீறேன்மா" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. எழுதினால் வருகிறது.

விலைவாசி கேட்டாயே, உட்கார்ந்துகொண்டு படி. ஆப்பிள் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். கிலோ இல்லை அம்மா, ஒரு பழம். பண்டிகைக்கு அதைப் பெட்டியில் அடுக்கிப் பரிசாகவே கொடுக்கிறார்கள். நாம் கொசுறாகக் கேட்டு வாங்கும் கறிவேப்பிலையை இங்கே உறையில் அடைத்து விற்கிறார்கள். அந்தக் காசில் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம். ஆனால் ஓட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே நாலு வகை தொட்டுக்கொள்ள வருகிறது. தீர்ந்தால் மறுபடி வைக்கிறார்கள், அதற்குக் காசில்லை. கறியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். பெரியவர்களிடம் காசு கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள், கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

என் அறையில் இருக்கும் லான் வியட்நாம்காரி. அவள் ஊரும் துறைமுகம்தான். அங்கே கறி வைத்த ரொட்டி அறுபது ரூபாயாம். இங்கே சோற்றை வைத்துச் சுருட்டிய ஒரு சுருள் இருநூற்று இருபது. நம் தெருவில் நாலு இட்லி முப்பது ரூபாய் என்றேன். உன் ஊர்தான் ஜெயித்தது என்று கைகொடுத்தாள்.

முக்கியமானதைச் சொல்லவில்லையே. இங்கே வாளை மீனுக்கு அப்படி ஒரு மரியாதை. பெரியதாக ஒன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கூடையில் கடைசியாக மிஞ்சினால் கொசுறாகத் தூக்கிப் போடுவாயே, அதே வாளை.

உன் அன்பு மகள்,
ரேச்சல்


ராயபுரம்
2 அக்டோபர் 2025

என் கண்ணு ரேச்சலுக்கு,

மரியே வாழ்க. அம்மா எழுதுறேன். எட்டாவதோட உட்ட எழுத்து, தப்பு இருந்தா சிரிக்காத. நானும் நைனாவும் நல்லா கீறோம். நைனா எப்பவும் போல எண்ணூருக்கு கண்டெய்னர் ஓட்டிகினு கீறாரு.

வாளை ஆயிரத்து எண்ணூறா? மீன் ஏலத்துல சொன்னேன், ஒருத்தியும் நம்பல. "இன்னா சிலுவ, உம் பொண்ணு படிக்கப் போனாளா, கத வுடப் போனாளா"ன்னு கேட்டாளுங்க. காசிமேட்டுல இன்னிக்கு கானாங்கெளுத்தி ஒரு கூடை மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்தேன். நேத்து ரெண்டாயிரத்து எண்ணூறு. மழை வந்தா இன்னும் ஏறும். கையி கடிக்காம வித்துட்டேன்.

ஒன்னே ஒன்னு. அந்த ஊரு மீன் மார்க்கெட்டு பக்கம் போவாத. மீன் வாடை உம்மேல படக் கூடாதுன்னு தான் எலுமிச்சம்பழம் தேய்ச்சி கை கழுவிட்டு உனக்கு சோறு கட்னேன். துறைமுகப் படிப்பு படிக்கப் போன. படி.

ஆப்பிள் துன்னலன்னா ஒன்னும் ஆவாது. வாழப்பழம் துன்னு.

உன் அம்மா,
சிலுவையம்மாள்


பூசான்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. போய்விட்டேன்.

இந்த ஊர் மீன் மார்க்கெட்டில் எங்கு பார்த்தாலும் பெண்கள்தான் விற்கிறார்கள், எல்லாம் உன் வயது. ரப்பர் பூட்ஸ், பூப்போட்ட சட்டை, ஊரையே கூப்பிடுகிற குரல். பார்த்ததும் காசிமேட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. விடிந்தும் விடியாமலும் போயிருந்தேன். ஒரு கடையில் கானாங்கெளுத்தி பளபளவென்று கிடந்தது. பாஷை தெரியாததால் விரலால் காட்டினேன். அந்த அம்மா கால்குலேட்டரில் அடித்துக் காட்டினார். இரண்டு மீன் நானூற்று நாற்பது ரூபாய். எங்கள் விடுதியில் மீன் சமைக்க விடமாட்டார்கள். நான் சும்மா பார்க்கத்தான் போனேன். கூச்சத்தோடு தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

பின்னால் ஏதோ சத்தமாகச் சொன்னார். திரும்பினால், நான் நின்ற இடத்தில் ஒரு பிடி உப்பை அள்ளி வீசுகிறார்.

அம்மா, அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த உப்பு புரிந்துவிட்டது. நான்தான் அன்றைக்கு முதல் ஆள். போணி ஆகவில்லை. விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவள் நான். மீன்காரி வயிற்றில் பிறந்தவள் செய்கிற காரியமா?

உடனே திரும்பிப் போய் இரண்டு கையாலும் பணத்தை நீட்டினேன். முகம் அப்படியே மாறிவிட்டது. நீ முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். அவர் அதன்மேல் தூ தூ என்று துப்புகிற மாதிரி செய்து மடியில் வைத்துக்கொண்டார். கடல் தாண்டி வந்தும் அதே போணி. கொசுறுகூட உண்டு, கேட்காமலே ஒரு சின்ன மீன் சேர்த்துப் போட்டார். சமைக்க இடமில்லை என்று சாடை காட்டினேன். சிரித்துவிட்டு, தன் அடுப்பிலேயே உப்புப் போட்டுச் சுட்டு, தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். இவ்வளவு ருசியாக இங்கு வந்து நான் சாப்பிட்டதே இல்லை.

வாடை கையில் ஒட்டிக்கொண்டது. நான் எலுமிச்சம்பழம் தேடவில்லை.

ரேச்சல்


ராயபுரம்
5 நவம்பர் 2025

என் கண்ணு ரேச்சலுக்கு,

மரியே வாழ்க. சொன்ன பேச்ச கேக்காத கழுத. ஆனா திரும்பிப் போனியே, அத்த படிச்சிட்டு அழுதுட்டேன். அந்தம்மாவுக்கு அன்னிக்கு யாவாரம் நல்லா ஆயிருக்கும்.

இங்க ஒரே மழை. வெலையெல்லாம் பேஜாரா கீது. வஞ்சிரம் கிலோ ஆயிரத்து நூறு. கானாங்கெளுத்தியே கிலோ முந்நூறு சொல்றானுங்க. நைனா அரைக் கிலோ வாங்கியாந்தாரு. சுத்தம் பண்ணித் தர தனியா முப்பது ரூபா கேட்டானாம். அநியாயம் பாரு.

குளிரு வந்துடுச்சா? நல்லா போத்திகினு படு.

உன் அம்மா,
சிலுவையம்மாள்


பூசான்
20 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மீன் விற்கிற உனக்கு யாரம்மா மீன் சுத்தம் செய்து கொடுத்தது?

நீ எனக்கு என்றைக்கும் கூடை விலைதான் சொல்வாய். போன கடிதத்தில் எல்லாம் கிலோ விலை. கிலோ விலை வாங்குகிறவர்கள் சொல்வது. கொஞ்ச நாளாக வீடியோவில் நீ எப்போது பார்த்தாலும் கட்டிலில் உட்கார்ந்தே இருந்ததும் அப்போதுதான் உறைத்தது. ஜானட் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டுச் சொல்லிவிட்டார். போன மாதம் ஏலத்தளத்தில் வழுக்கி விழுந்தாயாம். கணுக்கால் எலும்பில் தகடு வைத்திருக்கிறார்களாம். நைனா சமைக்கிறாராம். என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

இங்கே எல்லாரையும் பார்த்து வியந்து வியந்து எழுதினேனே, அதெல்லாம் உன்னைத்தான் அம்மா. நீ படுத்துக் கிடக்க, நான் இங்கே ஆப்பிள் விலை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று பேராசிரியருக்குக் கடிதம் தயார். இன்னும் கொடுக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை.

ரேச்சல்


ராயபுரம்
2 டிசம்பர் 2025

ரேச்சலுக்கு,

மரியே வாழ்க. முப்பது ரூபாயில மாட்டிக்கினேன். நைனா இன்னும் திட்டிகினு கீறாரு.

சொல்லாதது தப்பு தான். சொல்லியிருந்தா மறுநாளே மூட்டைய கட்டியிருப்ப. இப்ப கோல் ஊனிகினு வாசல் வரைக்கும் நடக்குறேன். ஈஸ்டருக்குள்ள கடைக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடை எடம் எங்கியும் போவல, ஜானட் தான் எம் மணையில ஒக்காந்துகினு கீறா. நைனா வைக்கிற கொழம்பு தான் வாயில வைக்க முடியல. அதுக்காவ நீ வரத் தேவையில்ல.

இப்ப நான் சொல்றத கேளு. எங்கம்மா கூடை தூக்குனா, அவங்கம்மாவும் தூக்குனா. காலேஜ் பக்கம் நம்ம வூட்ல ஒருத்தியும் போனதில்ல. நீ தான் மொதல்ல போன. நம்ம வூட்டுக்கே நீ தான்டி போணி. வெல கேட்டுட்டு வெறுங்கையா போறது இன்னான்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? அந்தம்மா வீசுன உப்ப நீ தான பார்த்த.

திரும்பிப் போனியே அன்னிக்கு, அந்த மாரி போ. பட்டத்த வாங்கிகினு வா. நான் எங்கியும் போவ மாட்டேன்.

உன் அம்மா,
சிலுவையம்மாள்


பூசான்
16 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியருக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பனிக்காற்று, ஆள் நடமாட்டமே இல்லை. அந்த அம்மா அப்போதுதான் வாளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் முதல் ஆள். இருப்பதிலேயே பெரிய வாளையாகப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

விலை கேட்கவில்லை அம்மா.

உன்
ரேச்சல்