ராமநாதபுரத்து மாதிரி வயல்

ஜனவரி 9, வெள்ளி

எட்டு மணிக்கே வியர்வை. குழாயில் தண்ணீர் இல்லை. கொச்சங்காடி வீட்டிலிருந்து நடந்தே அலுவலகம். கீழே கிடங்கில் சுக்கு மூட்டை இறக்குகிறார்கள், மாடிப்படி முழுக்கத் தூசி. தும்மிக்கொண்டே ஏறினேன்.

இன்று பயிர் நிலை அறிக்கை நாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, நாடு முழுக்க வியாபாரிகளுக்குப் போகும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மாதிரி வயல். செயற்கைக்கோள் படத்தில் அதைப் பார்த்து, அந்த ஊர் ஆளிடம் போனில் கேட்டு, வரைபடத்தில் நிறம் போட வேண்டும். பச்சை நல்லது, மஞ்சள் சுமார், சிவப்பு மோசம்.

குஜராத் சீரகம்: பச்சை.
ஆந்திரா மிளகாய்: மஞ்சள். இலைப்பேன்.
குடகு மிளகு: மஞ்சள்.
பஞ்சாப் கோதுமை: பனி மூட்டம், படம் தெரியவில்லை. போனில் "நல்லா இருக்கு."
ராமநாதபுரம் மிளகாய்: பச்சை.

ராமநாதபுரத்தை எப்போதும் கடைசியாகத்தான் திறப்பேன். சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதுபோல.

முதலாளி ரஸாக் இக்கா பின்னால் வந்து நின்றார். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ்தான்.

"மோளே, சுத்தி எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இது மட்டும் எப்படி இத்தர பச்சை?"

"கிணறு இருக்கு இக்கா."

"நீ கண்டியா?"

"சொல்லியிருக்காங்க."

"ஆரு? அங்கேதான் நமக்கு ஆளே இல்லையே. புதுசா ஒருத்தரைப் பிடின்னு எத்தர தடவை சொன்னேன்?"

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அறிக்கை போய்விட்டது.

ஜனவரி 10, சனி

விடுமுறை. துணி துவைத்தேன். நூலகப் புத்தகம் இரண்டு திருப்பித் தர வேண்டும். ஒன்று பாதிகூட ஆகவில்லை.

அந்த வயல் இ.யுடையது. பெயரை இங்கேகூட முழுதாக எழுத வரவில்லை. இரண்டரை வருடம் முன்பு ஊர்த் தகவலாளர்களுக்கு இங்கே நான்கு நாள் பயிற்சி நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். கடைசி நாள் படகுத்துறையில் நின்று, "இவ்வளவு தண்ணியை வச்சுக்கிட்டு நீங்க ஏங்க சிரிக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார். சிரித்துவிட்டேன்.

பிறகு சனிக்கிழமைதோறும் போன். முதலில் ஐந்து நிமிடம், செடி, பூச்சி, மழை. அப்புறம் ஒரு மணி நேரம், எதுவும் இல்லாமல். தமிழ் எழுத்தில் நான் தடுமாறும் இடங்களை அவர்தான் திருத்துவார்; பள்ளியில் நான் படித்தது மலையாளம். கடைசியாகப் பேசியபோது, "மழை வரட்டும், பேசுறேன்" என்றார். அந்த வருடம் அங்கே மழை வரவில்லை. எண் அணைந்தே கிடந்தது.

அதன் பிறகுதான் வட்டாரத்தின் மாதிரி வயலை மாற்றினேன். அவர் வயலை வைத்தேன். கண்மாய்க்குக் கிழக்கே, மூன்று பனை. ஐந்து நாளைக்கு ஒரு படம். பச்சையாக இருந்தால் அவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் இடத்தில் வேறு ஆளையும் போடவில்லை. போட்டால் அவர் வரமாட்டார் என்பதுபோல ஓர் எண்ணம்.

அம்மா: "சாயா ஆறிப்போகுது. அந்தப் பச்சைக் கட்டத்தையே எத்தர நேரம்தான் பார்ப்பே? அதுக்கா வாக்கப்படப் போறே?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

அறிக்கையின் அடியில் என் எண் இருக்கும். இதுவரை யாரும் அதில் கூப்பிட்டதில்லை. இன்று ஒரு பெண்.

"ஏத்தா, நீதான் மிளகாப் படம் போடுறவளா?"

பஞ்சவர்ணம் அக்கா. இ.யின் ஊருக்குப் பக்கத்து ஊர். மிளகாய் போட்டிருக்கிறார்.

"எங்க பக்கம் செடியெல்லாம் கருகிக் கெடக்கு. நீ நல்லா இருக்குன்னு போட்டிருக்கியாம். வியாபாரி அதைக் கையில வச்சிக்கிட்டு, 'அமோகமா வெளையுதாம்ல, மாசி வரட்டும், வெலை எறங்கும், அப்பப் பாத்துக்குவோம்'ங்குறான். இருக்குற நாலு கூடை மிளகாப் பழத்தை அதுவரைக்கும் என்ன செய்ய?"

"மேல இருந்து பாத்தா பச்சையா இருக்குக்கா."

"மேல இருந்து பாத்தா என் தலைகூடக் கறுப்பாத்தான் இருக்கும். கிட்ட வந்து பாரு, அம்புட்டும் மையி."

சிரிக்க முடியவில்லை. கண்மாய்க்குக் கிழக்கே மூன்று பனை, அந்த வயலை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். நாளைக்குப் போவதாகச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மிளகாய் போடுகிற வயல் உழும் மாதத்தில் மண்ணாகத் தெரிய வேண்டும். இது தெரியவே இல்லை. உழவும் இல்லை, அறுவடையும் இல்லை. இரண்டு வருடமாக மாறாத பச்சை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுத்த பாடம். வேறு எந்த வயலாக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

ஜனவரி 13, செவ்வாய்

போட்டோ வந்தது. சீமைக்கருவேலம். ஆள் உயரத்துக்கு மேல், காடாக. பனை மூன்றும் இடுப்புவரை மறைந்திருக்கின்றன.

அக்கா: "இங்க ஏது தாயி மிளகா? அந்தத் தம்பி திருப்பூருக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. அப்பா தவறிட்டாக, மழையும் இல்ல. கதவைப் பூட்டிட்டுக் கெளம்பிருச்சு."

"ஓ."

"தெரிஞ்ச புள்ளையா? நம்பர் வேணுமா?"

"வேண்டாம்க்கா." எவ்வளவு வேகமாகச் சொன்னேன்.

இத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் இல்லாததை. அதற்குப் பச்சை நிறம் போட்டு நாடு முழுக்க அனுப்பியிருக்கிறேன்.

இக்காவிடம் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"முந்தி வேற வயல்தானே இருந்தது. இதை ஆரு வச்சது?"

"நான்தான் இக்கா."

"எதுக்கு?"

"தெரிஞ்ச ஒருத்தரோட வயல்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி. திருத்தம் நீயே எழுது. எல்லா வியாபாரிக்கும் நீயே கூப்பிட்டுச் சொல்லு. ஒருத்தர் விடாம."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 14, புதன்

நாள் முழுக்க போன். "தப்பு எங்களோடதுதான்." சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இனி உங்க படத்தை எவன் நம்புவான்?" என்றார். சரிதான்.

ராமநாதபுரம்: சிவப்பு.
புது மாதிரி வயல்: அக்காவுடையது.
புதுத் தகவலாளர்: அக்கா.

பழைய வயலைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது கணினி கேட்கிறது, நிச்சயமாகவா என்று. ஆம்.

நாளை பொங்கல். அம்மாவுக்கு மஞ்சள் குலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

வெயில். காற்றே இல்லை. பட்டியலில் இல்லாத வயலைப் பார்க்கும் வேலை இனி எனக்குக் கிடையாது. நேற்றுப் பார்த்தேன். பச்சை. அது கருவேலம் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு ஒரு கணம் ஏமாறுகிறது.

பன்னிரண்டரைக்கு அக்கா கூப்பிட்டார். வியாபாரி வந்து பழத்தை எடுத்துக்கொண்டு போனாராம். குரலில் இளக்கம்.

"இன்னொண்ணு தாயி. அந்தத் தம்பி வயல்ல வெட்டி எரிச்சுக் கரி மூட்டம் போட ஆள் வந்துட்டாக. அது திருப்பூர்ல இருந்தே போன்ல பேசி விட்டுருச்சு. நாளைக்குள்ள கருவையைப் பூராம் வெட்டிருவாக."

அடுத்த படம் புதன்கிழமை. அதில் அந்த இடம் வெறும் மண்.

"அக்கா" என்றேன். "அந்த நம்பர்..."

"இருக்கு, எழுதிக்க."

அக்கா சொல்லச் சொல்ல இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதினேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன்.

பொங்கலுக்கே ஊருக்குப் போகாதவர்; இந்தச் சனிக்கிழமையும் அவருக்கு வேலை இருக்கும். சாப்பாட்டு இடைவேளை ஒன்றரைக்காக இருக்கலாம். என்ன பேசுவது? செடி இல்லை, பூச்சி இல்லை. மழையும் இன்னும் வரவில்லை.

இப்போது ஒன்று பத்து.