மாடியில் கஞ்சி அண்டா

ஷவ்வால் பிறை பத்து, செவ்வாய் இரவு

செஞ்சிப் புதுப் பள்ளிவாசலில் பெண்கள் தொழவென்றே மாடி கட்டினார்கள். நோன்பு முடிந்ததும் கஞ்சி அண்டாக்களை அங்கே அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையிலிருந்து இன்று மாலை நேரே போய்ச் சாவி கேட்டேன்.

"வூட்ல தொழுதா இன்னாம்மா?" என்றார் பள்ளிவாசல் செயலாளர்.

"பஸ்ஸு எங்கூரு வல்லம் போறதுக்குள்ள மக்ரிப் தொழுவுற நேரம் போயிடுது பாய். அண்டாவா தொழப்போவுது?"

அவர் தொழ உள்ளே போய்விட்டார். நான் முற்றத்தில், வாசலுக்கு நேர் எதிரே விரிப்பைப் போட்டுத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன்.

தொழுகிறவருக்குக் குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. தொழுதுவிட்டு வந்த ஆண்கள் அத்தனை பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள், செயலாளரும்தான். நான் அவசரப்படவில்லை. குர்ஆனில் நீளமான சூராவாகப் பார்த்து நிதானமாக ஓதினேன்.

"சாவியக் குடுத்துத் தொலைங்க பாய்" என்று யாரோ முனகியது காதில் விழுந்தது.

நாளையும் சாவி வராவிட்டால், இதைவிட நீளமான சூராவும் எனக்கு மனப்பாடம்.