ஆறேழு வருஷம் ஓடும் பெட்டி

நவம்பர் 8, சனி

காலையில் தூறல், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். பள்ளிக்கூடம் அரை நாள். அங்கிருந்து நேராக எஸ்.பி. ரோடு, பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத் தெரு. பஸ்ஸில் போனது நல்லதாகப் போயிற்று. அந்தத் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேட ஒரு தனி ஜென்மம் வேண்டும்.

வாங்க வேண்டியது: கேமிங் கம்ப்யூட்டர், ஒன்று. நாற்பத்து மூன்று வயது பிசிக்ஸ் வாத்தியாருக்கு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

காரணத்தை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். மனைவி ரீட்டா அயர்லாந்து போய் ரெண்டு வருடம். முதியோர் இல்லத்தில் நர்ஸ். மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்கிறாளா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். நான் அங்கே போவதாக இருந்தால் நீட்டிப்பாள். அவள் பக்கத்துக் காகிதமெல்லாம் எப்போதோ தயார். என் விசா ஃபாரம் பீரோவில், மூன்றாம் பக்கத்தோடு நிற்கிறது. "வர்றேன், வர்றேன்" என்று சொல்லியே ரெண்டு வருடத்தை ஓட்டியாகிவிட்டது. இப்போது அவள் கேட்பதும் இல்லை.

ஃபோனில் பேசுவது: "சாப்டியா", "சாப்டேன்", "அத்த மாத்திரை போட்டாங்களா", "போட்டாங்க". நாலு நிமிடம். அதற்கு மேல் போனால் நெட் சரியில்லை என்று ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிடுகிறது.

அவளிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருக்கிறது. அறையில் கூட இருக்கும் கோட்டயத்துப் பெண்ணோடு ஆடுகிறாள். ரெண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும். ஒரு ஆள் கயிற்றைப் பிடித்தால்தான் இன்னொரு ஆள் ஏறலாம். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பழைய ரீட்டாவின் குரல். போன வாரம், "நீயும் ஆடேன்" என்றாள். அவ்வளவு போதும் எனக்கு. என் ஸ்கூல் லேப்டாப்போ, ஆட்டம் திறப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

கடைக்காரர் இம்தியாஸ் பாய். லேப்டாப் என்று வாயெடுத்தேன்.

"லேப்டாப் நக்கோ சார், வேணாம். ஒண்ணு கெட்டா மொத்தமா போச்சு. ரெடிமேடா அசெம்பிள் பண்ணது இருக்கு, நடு ரேஞ்சு. இன்னிக்கி இது போதும். நாளைக்கி மெமரி ஏத்திக்கலாம், அப்புறமா கிராஃபிக்ஸ் கார்டு மாத்திக்கலாம். ஆறேழு வருஷம் கண்ண மூடிக்கினு ஓட்டலாம்."

வாங்கியாயிற்று.
– பெட்டி. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. (அணைக்க முடியுமா என்று கேட்டேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.)
– மானிட்டர், 24 இன்ச்
– கீபோர்டு, மவுஸ், கையில் பிடித்து ஆட ஒரு கன்ட்ரோலர், மைக் வைத்த ஹெட்செட், மற்ற சில்லறைச் சாமான்

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு லிங்கராஜபுரம் வரை. தொடை மரத்துப்போயிற்று. அம்மா கதவைத் திறந்ததும், "இன்னாடா இது, மைக்ரோவேவா?"

சாயங்காலம் ரீ.க்குப் படம் அனுப்பினேன். ஃபோனில் பாய் சொன்னதையே பெருமையாகச் சொன்னேன், ஆறேழு வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று. "ம். பெருசா இருக்கு" என்றாள். பிறகு, அடுத்த ஞாயிறு டூட்டி மாற்றிக்கொள்கிறேன் என்றாள். அவளுக்குக் காலை பத்து, எனக்கு மாலை மூன்றரை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் இரண்டாம் பூசை. பாடகர் குழுவில் பேஸ் குரலுக்கு நான் ஒருத்தன்தான் வந்தேன். மதியம் கோழிக் குழம்பு.

ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். விக்கி விக்கி ஓடுகிறது. இதற்கா இவ்வளவு செலவு? பாய்க்கு ஃபோன்.

"மானிட்டர் வயர எங்க சொருவினீங்க சார்? மேலயா, கீழயா?"

மேலே.

"கீழ போடுங்க. கார்டு அங்க இருக்கு. துட்டு குடுத்து கார்டு வாங்கி, அத சும்மா உக்கார வெச்சிருக்கீங்க."

பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மின்சுற்று நடத்துகிறேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வயரை மாற்றியதும் தேவலை. பெரிய காட்சி வந்தால் மட்டும் திணறுகிறது. மெமரி ஒற்றையாகத்தான் போட்டு விற்கிறார்களாம், இன்னொன்று சேர்த்தால் சரியாகும் என்கிறார் பாய். இதை நேற்றே சொல்லியிருக்கலாம் அல்லவா? கேட்டால் சிரிக்கிறார்.

நவம்பர் 11, செவ்வாய்

பள்ளி விட்டதும் மறுபடி எஸ்.பி. ரோடு. மெமரி ஒன்று. நானே போட்டேன். கைச் சூட்டில் கெட்டுவிடுமோ என்று ஓரத்தை மட்டும் பிடித்து, ரெண்டு பக்கமும் அழுத்த, டக் என்று உட்கார்ந்தது. ஆஹா. ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் கையால் ஏதோ ஒன்று உருப்படியாக நடந்த மாதிரி ஒரு சந்தோஷம். உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று பக்கக் கண்ணாடியை மூடவில்லை.

அம்மா: "ஃப்ரிட்ஜ மந்திரிச்சோம், ஸ்கூட்டர மந்திரிச்சோம், வாஷிங் மெஷின கூட மந்திரிச்சோம். இத மட்டும் அப்டியே உட்டா எப்டி?" எங்கள் வீட்டில் ப்ளக்கில் சொருகுகிற எதுவும் ஃபாதர் கை வைக்காமல் ஓடினதில்லை. வியாழன் பக்கத்து வீட்டுக்கு நற்கருணை கொடுக்க வருகிறாராம். இங்கேயும் வரச் சொல்லியாயிற்று.

நவம்பர் 13, வியாழன்

மந்திரித்தாயிற்று. எழுதவே கை வரவில்லை.

ஃபாதர் வந்தார், காபி குடித்தார். "லைட்ட போட்டு காட்டுடா, ஃபாதர் பாக்கட்டும்" என்றாள் அம்மா. போட்டேன். "அடேங்கப்பா, கிறிஸ்மஸ் குடில் மாதிரி இருக்கே" என்றார். சின்ன ஜெபம். பெட்டிக்கு மேலே மூன்று தெளி தண்ணீர். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை.

"உள்ளயும் ரெண்டு சொட்டு, ஃபாதர். உள்ளதான எல்லா வேலயும் நடக்குது."

நான் கையை நீட்டுவதற்குள் திறந்த பக்கத்தில் ஒரு வீச்சு. விளக்கு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது. மானிட்டர் கறுப்பு. அம்மா பாதி ஆமெனில் நிறுத்தினாள்.

ப்ளக்கைப் பிடுங்கினேன். ஃபாதர் பாவம், "தப்பா போச்சாப்பா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பாய்க்கு ஃபோன்.

"தண்ணியா? இன்னா தண்ணி?"

"மந்திரிச்ச தண்ணி."

பாய் மெதுவாக, "அதுல உப்பு கிப்பு இருக்குமா சார்?"

சுரீர் என்றது. சில ஃபாதர்மார் தண்ணீரில் உப்பும் மந்திரித்துப் போடுவது வழக்கம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், நானே போர்டில் எழுதிப்போடுகிற பாடம். செருப்புகூடப் போடாமல் ஓடி, பக்கத்து வீட்டு வாசலில் ஃபாதரைப் பிடித்தேன். "ஃபாதர், தண்ணில உப்பு போட்டீங்களா?" ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடி இருந்த ஃபாதர்தான் போடுவாரு. நான் வெறும் கேன் தண்ணிதான்பா." கேன் தண்ணீருக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பாய் கட்டளை: ரெண்டு நாள் ஃபேன் முன்னால் வை, ஆன் பண்ணாதே. அம்மாவின் டேபிள் ஃபேன் இப்போது கம்ப்யூட்டருக்கு. அம்மாவிடம் கத்திவிட்டேன். "நான் நல்லதுக்குதான சொன்னேன்" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டுச் சாப்பிட வைத்தேன்.

ரீ.யிடம் சொல்லவில்லை. ஞாயிறு முடியாது என்றால் "பரவால்ல" என்பாள். அந்தப் பரவால்லவுக்குத்தான் பயப்படுகிறேன். அவள் டூட்டி மாற்றிக்கொண்டு எனக்காக உட்காரப் போகிற நாள். அது போனால் மாதக் கடைசி வந்துவிடும், நாங்கள் சாப்டியா சாப்டேன் என்றே இருப்போம்.

நவம்பர் 15, சனி

குளிர். ஸ்வெட்டர் எடுத்தாயிற்று. எட்டாம் வகுப்புத் தாள் திருத்தியது, 31. இன்னும் 9.

மதியம் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். உள்ளே ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை. ரெண்டு மெமரியையும் கழற்றி, ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பழையதை மட்டும் போட்டால் படம் வருகிறது. புதியதைச் சேர்த்தால் கறுப்பு. ஆக, செவ்வாய்க்கிழமை வாங்கியது போச்சு. போகட்டும். நாளைக்கு ஒன்று போதும், படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டால் ஓடும். கண்ணாடியை மூடி நாலு திருகையும் இறுக்கினேன்.

அம்மா ஜெபமாலையோடு பின்னாலேயே நின்றிருக்கிறாள். விளக்கு எரிந்ததும், "பாத்தியா? மந்திரிச்சதாலதான் இதோட போச்சு."

நவம்பர் 16, ஞாயிறு

மூன்றரைக்கு முன்னால் மூன்று தடவை ரீஸ்டார்ட். சரியாக வந்தாள். "கேக்குதா?" "கேக்குது." ஹெட்செட்டில் ரொம்பப் பக்கத்தில் குரல்.

திரையில் ரெண்டு குட்டி ஆட்கள், ஒரு மலை, நடுவில் கயிறு. மஞ்சள் தொப்பி அவள், நீலத் தொப்பி நான். கன்ட்ரோலரில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் குதிக்கிறேன். "உடாதடா, கயித்த உடாத, லூசு!" நாலாவது தடவை பள்ளத்தில் விழுந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நாற்பது நிமிடம். கோட்டயத்துப் பெண் நன்றாகப் புட்டு செய்வாள், பஸ்ஸில் ஒரு கிழவர் தினமும் வணக்கம் சொல்கிறார், மழை நிற்பதே இல்லை. எல்லாம் சொன்னாள்.

பாதி மலையில் ஒரு சமதளம். ரெண்டு பேரும் நின்றோம்.

"ஜெரோம், அந்தப் பெட்டி எவ்ளோ வெயிட்டு?"

"பத்து கிலோ இருக்கும். ஏன்?"

"இத எப்டி தூக்கினு வருவ?"

கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"லேப்டாப் வாங்கியிருந்தா ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். ஆறேழு வருஷத்துக்குக் கவல இல்லன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வரப்போறதில்ல."

சத்தியமாக நான் அதை யோசிக்கவே இல்லை. கடையில், ஆட்டோவில், வீட்டில், ஒரு தடவைகூட இந்தப் பெட்டியை எங்கேயாவது கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று மனதில் படவில்லை. அப்படிப் படாததே பதில். அம்மாவைச் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வரல, ரீட்டா. எனக்கு இங்கதான் இருக்கணும். சொல்ல தைரியம் வரல."

"இத சொல்ல ரெண்டு வருஷமா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "நீ வர்றேன் வர்றேன்னு ஆயிரம் தடவ சொல்லிட்ட. என்ன வான்னு ஒரு தடவ கூட கூப்பிடல."

அவளுக்கு அங்கே இருக்கத்தான் பிடித்திருக்கிறது, நல்ல வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல நான் யார் என்று நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்ததே இல்லை. எத்தனை பெரிய முட்டாள் நான்.

"வந்துடு" என்றேன். சரியாகக் கேட்டிருக்காது. திரும்பவும் சொன்னேன்.

மஞ்சள் தொப்பி அசையவில்லை. அவள் லைனைத் துண்டிக்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, துணி காயப்போட வேண்டும் என்று போய்விட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

மேகமூட்டம். மீதி 9 தாள் முதல் பீரியடிலேயே முடிந்தது. பாய்க்கு ஃபோன், செத்த மெமரிக்கு வாரண்டி கிடைக்குமா என்று. "தண்ணி பட்டா கெடையாது சார். மந்திரிச்ச தண்ணியா இருந்தாலும் கெடையாது."

மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரீ.யிடமிருந்து மெசேஜ். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். "அந்தப் பெட்டில ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஆட முடியுமா? மார்ச்சுக்கு அப்புறம்?"

முடியும் என்று அனுப்பினேன். அதற்குள் மூன்று தடவை தப்பாக அடித்தேன். மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சாயங்காலமே எஸ்.பி. ரோடு போய் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கி வந்துவிட்டேன்.