வண்டிக்குள் இருந்த என் பெயர்

என் வாண்டு இக்ராமுக்கு உம்மாவின் சலாம். குன்னூரில் நான் சுகம். கூடலூர் பள்ளிவாசல் மண்ணில் நீயும் நிம்மதியாய் இருக்க துவா செய்கிறேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிவிட்டது.

ஒரு சந்தோஷம் சொல்லணும். உன் பைக்கின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு நீ போட்ட பாஸ்வேர்டு பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. திறக்காவிட்டால் வண்டியைப் பிரித்துத்தான் விற்கணும் என்றான் உன் சேக்காளி மெக்கானிக் பிரசாத். இன்றைக்குத் திறந்துவிட்டான். அதற்குள் வண்டி ஓடுவதற்கு மூன்று விதம் எழுதி வைத்திருந்தாயாம். ஒன்று ரேஸ், ஒன்று மழை, மூன்றாவதுக்குப் பெயர் ‘உம்மா’.

“ஏனுங்கம்மா, இதுல போட்டா வண்டி துள்ளவே துள்ளாதுங்க. பின்னாடி டீ கிளாஸ் வெச்சாலும் சிந்தாது” என்றான். என்னை ஏற்றிக்கொண்டு கட்டபெட்டு வரை போனான். நீ கூட்டிப்போகும் அதே ஓட்டம். “வண்டி இவ்வளவுதான் போகும் உம்மா” என்று எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கிறாய்.

வண்டியை விற்கப்போவதில்லை. உன் ஹெல்மெட் எனக்குப் பெரிசு, உள்ளே துணி வைத்துப் போட்டுக்கொண்டேன். பேக்டரியில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடணும். உன் பின்னால் ஏறிய முதல் நாள் பயந்துபோய் உன் தோளை இறுக்கிப் பிடித்தேனே, அன்றைக்கே இதை எழுதிவிட்டாயா?