இறுதி வேளை ஜெபத்தை என் கையில் கொடுத்த போதகர்

அனுப்புநர்:
மறைந்த தையல்காரரின் மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி,
தேவாலயத்தின் பின் தெரு.

பெறுநர்:
உயர்திரு பேராயர் அவர்கள்,
பேராயர் அலுவலகம்.

பொருள்: எங்கள் சபைப் போதகர், என் தந்தையின் மரணப் படுக்கையருகே தாம் சொல்ல வேண்டிய ஜெபத்தை என்னை வாசிக்க வைத்தது குறித்தும், என் தாயாருக்கு ஆறுதல் சொல்லாமல் போனது குறித்தும், அவரை இடமாற்றம் செய்யும் முன் நடவடிக்கை கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

சபைச் செயலாளர் வழியாக அனுப்பாமல் நேரடியாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டுகிறேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன். "இது பெரியவங்க விஷயம் பாப்பா, நீ போய் பரீட்சைக்குப் படி" என்று சொல்லிவிட்டார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

1. எங்கள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பது பிள்ளைகளின் வேலை, ஜெபம் போதகருடையது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, பாடத்தை முடித்துவிட்டு இறங்கப்போன என்னைப் போதகர் நிறுத்தி, ஜெபப் புத்தகத்தைத் திறந்து கொடுத்து, அதையும் வாசிக்கச் சொன்னார். அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. என் வாசிப்பு தெளிவாக இருப்பதாக எல்லார் முன்பாகவும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினேன். என் அப்பா துணி வெட்டிக்கொண்டே கேட்பார். "மெதுவா வாசிம்மா, கடவுள் என்ன பஸ்ஸுக்கா போறாரு" என்பார்.

2. அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டோம். போதகரின் வெள்ளை அங்கியைத் தைத்துக் கொடுத்து வந்தவர் அப்பாதான். ஒருமுறை போதகர் பார்க்க வந்தபோது, "கை நீளத்தைக் கொறைக்கணும்னு சொன்னீங்களே ஐயா, இனிமே வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அப்பா சிரித்தார். போதகர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிலுக்குச் சிரித்திருக்கலாம். அதற்கு விசுவாசம்கூடத் தேவையில்லை.

3. அப்பாவின் மூச்சு மாறிய பிற்பகலில் அம்மா என்னை அனுப்ப, நான் ஓடிப்போய்ப் போதகரை அழைத்து வந்தேன். அம்மா அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தார். நான் அப்பாவின் வலது கையைப் பிடித்திருந்தேன். கத்தரிக்கோல் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கட்டைவிரல் உள்ள கை. போதகர் புத்தகத்தைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீ வாசிம்மா, அப்பாவுக்கு உன் குரல் புடிக்கும்" என்றார். அது கனமான புத்தகம். இரண்டு கையாலும்தான் பிடிக்க முடியும். அப்பாவின் கையை விட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிழையில்லாமல் வாசித்தேன். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அம்மா அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தார். எந்த வரியில் அவர் போனார் என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

4. அடக்க ஆராதனைக்கு எங்கள் போதகருக்குக் காய்ச்சல் என்றார்கள். பக்கத்துச் சபைப் போதகர் வந்து நடத்தினார். அடுத்த வாரம் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவரு இப்ப வலியில்லாம நல்லா இருப்பாரு இல்லீங்களா ஐயா?" போதகர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தார். என் அம்மா எச்சில் பாத்திரத்தை ஒரு மணி நேரம் விட்டு வைக்காதவர்.

5. தீர விசாரிக்காமல் புகார் எழுதக் கூடாது என்பதால், ஆராதனைக்குப் பின் அங்கி மாற்றும் அறையில் அவரைக் கண்டு கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஒரு வருஷமா எனக்கு ஜெபம் வர்றதில்லம்மா. யாரும் கேக்குற மாதிரியே தோணல. நீ வாசிச்சா சனங்களுக்காவது கிடைக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றார். நான் வாசிக்கும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன். "நீ நம்புறியே, அதக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். பேசும்போது அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் அதையும் எழுதுகிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை. என் வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதை அப்பா சாகும்வரை தம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

6. சபை ஒழுங்கு விதிகள் புத்தகத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். நோயுற்றவர்களைப் போதகர் சந்திக்க வேண்டும், துக்கமுள்ளவர்களைத் தேற்ற வேண்டும் என்று இருக்கிறது. அவர் நம்ப வேண்டும் என்று எங்கும் இல்லை. சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள் போலும். ஆகவே அவருடைய விசுவாசத்தைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. தெரிந்தே ஒரு வருடம் மறைத்ததையும், அதற்கு என்னைத் திரையாக வைத்துக்கொண்டதையும் பற்றியே இந்தப் புகார்.

7. இப்போது மாலையானால் அம்மா அந்த ஜெபத்தை வாசிக்கச் சொல்கிறார். அப்பா கடைசியாகக் கேட்டது அது என்பதால், அதைக் கேட்டால்தான் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறது. நானும் எங்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தைத் திறக்கிறேன். நாலு வரி வாசித்ததும், யாரோ பக்கத்தில் நின்று என் நம்பிக்கையைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருக்கிறது. குரல் அடைத்துக்கொள்கிறது. தொண்டை கட்டிவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொல்கிறேன். அம்மா மிளகுப் பால் காய்ச்சித் தருகிறார்.

8. போதகரை வேறு சபைக்கு மாற்றும்படி தங்களுக்கு எழுதியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். "மாலை போட்டு மரியாதையா அனுப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பது அவர் கருத்து. அந்தச் சபையிலும் நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும், ஐயா.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, போதகர் தம் நிலையைத் தம் வாயாலேயே சபையாரிடம் சொல்லும்வரை இடமாற்ற உத்தரவு பிறப்பிக்காதிருக்கவும், அதுவரை மரணப் படுக்கைகளுக்கு வேறு போதகரை அனுப்பவும் வேண்டுகிறேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ஜெபத்தை என் அம்மாவுக்கு முழுவதுமாக வாசிக்க வேண்டும். அவருக்கு நம்பிக்கை திரும்பட்டும் என்று நாங்கள் காத்திருக்க முடியாது. என் அப்பா மனசு சரியில்லாத நாளிலும் சொன்ன தேதிக்குத் துணியைத் தைத்துக் கொடுத்தவர். இவருடைய அங்கியையும் அப்படித்தான் கொடுத்தார். சத்தம் வராவிட்டால், வரும்வரை அவர் நிற்கட்டும். புத்தகத்தை என்னிடம் நீட்டக் கூடாது என்று மட்டும் தாங்கள் எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும்.

அன்று என் இரண்டு கைகளும் அம்மாவின் கையைப் பிடித்திருக்கும்.

இப்படிக்கு,
இனி ஞாயிறு வாசிப்புக்கு வர இயலாத,
தையல்காரரின் மகள்
(கையொப்பம்)

இடம்: எங்கள் வீட்டு முன்னறை
நாள்: திங்கட்கிழமை, பள்ளிக்குப் புறப்படும் முன்